தெர்மாமீட்டரில் ஏறாத காய்ச்சல்

போன மாதம் என்னைப் பார்க்க ஒரு இளம்பெண் வந்தாள். தேயிலைத் தோட்டங்களில் மனநலம் பார்க்கும் உத்தியோகமாம். கையில் குடை, தோளில் பை, முகத்தில் இன்னும் வாடாத நல்லெண்ணம். நான் பழைய டிஸ்பென்சர் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தேத்தண்ணீர் குடித்து முடித்ததும் கேட்டாள்:

"ஐயா, உங்க காலத்துல தோட்டத்து ஆளுகளுக்கு மனநோய் இருந்துச்சுங்களா?"

"இல்லம்மா. தொர அனுமதி குடுக்கல."

சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவள் போன பிறகு, பாவம், இவ்வளவு தூரம் ஏறி வந்த பிள்ளையை ஒற்றை வரியோடு அனுப்பியது சரியில்லை என்று பட்டது. ஆகவே இதை எழுதுகிறேன்.

பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் டிஸ்பென்சராகப் போய்ச் சேர்ந்தது நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த அடுத்த வருடம். கொடி மாறியிருந்தது. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை மாறவில்லை. அந்தக் கையோடு ஒரு சட்டமும் வந்து, தோட்டத்து ஆட்கள் எந்த நாட்டுக்காரர்களும் இல்லை என்று சொல்லியிருந்தது. ஆனால் எந்த நாட்டுக்காரனாக இல்லாவிட்டாலும் காலையில் பெரட்டுக் களத்துக்கு வந்து, வேலைக்குப் பேர் கொடுத்தாக வேண்டும். அதில் மட்டும் யாருக்கும் குழப்பமே இல்லை. அதற்கு முன் ஒரு டவுன் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடவும், மிக்சர் கலக்கவும், பெரிய டாக்டர்களுக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளி நடக்கவும் பழகியிருந்தேன். கடைசியாகச் சொன்னதுதான் பிழைப்புக்கு உதவியது.

வேலை இதுதான். பெரட்டு முடிந்ததும் சீக்கு என்று சொல்லிக்கொள்கிறவர்கள் மருந்துக் காம்பரா, அதாவது மருந்து அறை வாசலில் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் சொந்தப் போத்தல். நாக்கு, கண், நாடி பார்த்துக் கடைசியில் தெர்மாமீட்டர் வைப்பேன். பாதரசம் கோட்டைத் தாண்டினால் அவர் நோயாளி. அன்றைக்கு மலை ஏற வேண்டாம். தாண்டாவிட்டால் அவர் சோம்பேறி; என் கண்முன்னால் விளக்கெண்ணெய் குடித்துவிட்டு வேலைக்குப் போக வேண்டும். இது துரையின் ஏற்பாடு. மனிதனுக்கு உடம்பு உண்டு, உடம்புக்குச் சூடு உண்டு, மற்றதெல்லாம் வேலைக் கள்ளம் என்பது அவருடைய தத்துவம். முழுத் தத்துவமும் அவ்வளவுதான்.

ஒருமுறை, புருஷனைப் பறிகொடுத்த முனியம்மா என்பவள் வந்து, "நெஞ்சுக்குள்ள கல்லு வச்ச மாதிரி இருக்குங்க ஐயா" என்றாள். பாதரசம் அசையவில்லை. விதிப்படி அவளுக்கும் எண்ணெய்தான். மறுநாள் என் வாசலைத் தாண்டிப் போகும்போது, "கல்லு எறங்கலீங்க, மத்ததெல்லாம் எறங்கிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு மேலே பெரிய டாக்டர். பல தோட்டங்களையும் சுற்றிக்கொண்டு மாதத்துக்கு ஒரு தரம் எங்களிடம் வருவார். சீமைக்குப் போய்ப் படித்தவர். காரிலிருந்து இறங்கியதும் கைக்குட்டையை எடுத்து ஸ்டெதஸ்கோப்பின் வாயைத் துடைப்பார். நோயாளியின் நெஞ்சில் வைப்பார். எடுத்ததும் மறுபடி துடைப்பார். நோயாளியின் முகத்தை அவர் பார்த்து நான் கண்டதில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேள்வியை இங்கிலீஷில் கேட்பார்; நான் அதைத் தமிழில் கேட்டு, பதிலை இங்கிலீஷாக்கி ஜன்னலுக்குச் சொல்வேன்.

கெட்ட மனிதரல்ல. மனம் என்றால் என்ன என்று படிப்பதில் அவருக்கு ஆசை. படித்ததைச் சொல்ல ஆள் கிடைக்காமல் தேநீர் நேரத்தில் என்னைப் பிடித்துக்கொள்வார். துக்கம் வருவதால் நாம் அழுகிறோம் என்று உலகம் நினைக்கிறது, அது தப்பு. அழுவதால்தான் துக்கம் வருகிறது. உடம்பு முதலில், உணர்ச்சி பிறகு. இதை அவர் எனக்குப் பல மாதங்கள் விளக்கினார்.

"அப்படின்னா அழாதவனுக்குத் துக்கமே இல்லையா சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதேதான்" என்று சொல்லி பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தார்.

இப்போது சடையன் கதைக்கு வருகிறேன். சடையன் எங்கள் தோட்டத்துத் தப்புக்காரன், பறை அடிப்பவன். விடியுமுன், ஆட்களின் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றிவந்து பெரட்டுத் தப்பு அடித்து ஆட்களை எழுப்புவது அவன் வேலை. திருவிழா, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அவன்தான். ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. பெரட்டு அடி ஆளை விரட்டும். சாவு அடி நின்று நின்று வரும், ஒவ்வோர் அடிக்கும் நடுவில் யாரையோ தேடுகிற மாதிரி. பெரியவர்கள் யாராவது செத்தால் அந்த அடி கேட்கும். அன்றைக்கு அரை நாள் வேலை கிடையாது. அந்த ஒரு வழக்கத்தில் மட்டும் துரை கை வைத்ததில்லை.

ஒரு மழைக்கால விடியலில், பெரட்டு அடி வரவேண்டிய நேரத்தில் சாவு அடி கேட்டது.

தோட்டமே எழுந்து வெளியே வந்தது. பெண்கள் வழக்கப்படி அழுதுகொண்டே வாசலுக்கு வந்தார்கள். ஒப்பாரி நல்ல ஏற்றத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஒருத்தி பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள்: "யாருடி போனது?" ஒருவருக்கும் தெரியவில்லை. ரொம்ப நாளாகச் சீக்கில் கிடந்த ராக்கன் கிழவராகத்தான் இருக்கும் என்று எல்லாரும் அவர் காம்பராவுக்குப் போனார்கள். அவர் அடுப்பருகே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். தன்னைப் பார்க்க இத்தனை பேர் திரண்டு வந்ததில் முதலில் மகிழ்ந்துபோனார். காரணம் தெரிந்ததும் அவர் வைத வசவை இங்கே எழுத முடியாது.

பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை ஓடிப்போய்ச் சடையனைப் பிடித்தார். "யார்றா செத்தது?"

"நான்தாங்க" என்றான் சடையன்.

குடிவெறி என்று நினைத்து ஓர் அறை விட்டார். "செத்தவனப் போட்டு அடிக்கிறீங்களே" என்று அவன் வருத்தப்பட்டான். மறுநாளும் அதே சாவு அடி. அதற்கு மறுநாளும் அதே. தப்பை அவன் காம்பராச் சுவரில் மாட்டவைத்துவிட்டு, தகரத்தைத் தட்டிப் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டார்கள். சடையன் பாயை விரித்து, கால்களைச் சேர்த்துவைத்து, மல்லாந்து படுத்துவிட்டான்.

அதன் பிறகு தோட்டத்தில் தத்துவ விசாரணை தொடங்கியது.

முதலில் பூசாரி. எங்கள் ஃபேக்டரியின் ரோதைக்கு, அதாவது பெரிய சக்கரத்துக்கு, ஒரு காவல் தெய்வம் உண்டு. ரோதைமுனி என்று பேர். "உடம்புங்கறது லயக் காம்பரா மாதிரிங்க ஐயா" என்றார் பூசாரி. "குடியிருந்த சடையன் வெளிய போயிட்டான். முனி உள்ள பூந்து பாய விரிச்சிட்டாரு." 'நான்' என்கிற சமாசாரத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பிற்பாடு எங்கும் கேட்டதில்லை. முனி காம்பராவைக் காலி செய்ய ஒரு சேவலும் ஒரு போத்தல் சாராயமும் கேட்டாராம். இரண்டையும் பூசாரி பெற்றுக்கொண்டார். முனி கிளம்பவில்லை.

தொழிற்சங்கத்துத் தலைவர், இது முதலாளி வர்க்கத்துக்கு எதிரான நூதனப் போராட்டம் என்று பக்கத்துத் தோட்டத்தில் மேடை போட்டுப் பேசினார். நேரில் வந்து சடையனைப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

துரை சுருக்கமாக முடித்தார். பெரிய டாக்டர் வந்து பார்க்கட்டும். பைத்தியம் என்றால் கொழும்புப் பக்கத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. பைத்தியம் இல்லையென்றால் பத்துச்சீட்டு, அதாவது வேலையை விட்டு நிறுத்தும் துண்டு. எப்படிப் பார்த்தாலும் காம்பரா போய்விடும். அது சடையன் பேரில்தான் இருந்தது. அவன் பெண்சாதி அங்கம்மாவும் இரண்டு பையன்களும் மழையில் ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

அங்கம்மா என்னிடம் வந்தாள். "கொழும்புக்குப் போன ஆளு யாருங்க ஐயா திரும்பி வந்திருக்கா? எப்படியாச்சும் நிறுத்திப்புடுங்க."

"இப்ப எப்படி இருக்கான்?"

"செத்துட்டேங்குறாரு. சரின்னு விட்டுட்டேன். ஆனா பொணம் வெத்தல கேக்குதுங்க."

"குடுத்தியா?"

"குடுக்காம? சுண்ணாம்பு பத்தலைன்னு வேற சொல்லுது."

போய்ப் பார்த்தேன். கையைப் பிடித்தேன். நாடி நிதானமாக, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

"நாடி அடிக்குதே சடையா. செத்தவனுக்கு அடிக்குமா?"

கண்ணைத் திறக்காமல் சொன்னான்: "தப்பும்தான் அடிக்குதுங்க ஐயா. அது செத்த மாட்டுத் தோலு."

எனக்குக் கோபம்தான் வந்தது.

பெரிய டாக்டர் வந்தார். ஸ்டெதஸ்கோப்பைத் துடைத்தார். சடையனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் வைத்திருந்தார்கள்.

"இவன் தன்னை யாரென்று நினைக்கிறான்?" என்று ஜன்னலைக் கேட்டார்.

"ஒன்னைய நீ யாருன்னு நெனைக்கிற?" என்று நான் கேட்டேன்.

"அத நானாங்க நெனைக்கணும்? கணக்கப்பிள்ளை ஐயா பேரு கூப்புடுவாரு, நான் ஆமுன்னுவேன். இப்ப கூப்புடுறதில்லீங்களே."

மொழிபெயர்த்தேன். டாக்டர் தலையசைத்தார். "எதிர்காலத்தில் நம்பிக்கை இருக்கிறதா?"

இதற்கு லயத்துப் பேச்சில் வார்த்தை தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. "அடுத்த மாசம் எப்படி இருக்கும்னு நெனைக்கிற?"

"மழை விட்டா கொழுந்து வருங்க."

"நம்பிக்கை இருக்கிறது சார்" என்றேன்.

"அழுகிறானா?"

"ஒருநாளும் அழவில்லை சார்."

"அப்படியானால் துக்கம் இல்லை. நரம்புத் தளர்ச்சி." புரோமைட் மிக்சர் எழுதினார். அடுத்த வருகைக்குள் மாறாவிட்டால் கொழும்பு என்று சொல்லி, ஸ்டெதஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

மருந்தைச் சடையன் தொடவில்லை. செத்தவனுக்கு எதற்கு மருந்து என்று வாயை இறுக்கிக்கொண்டான். டாக்டர் மறுபடி வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போத்தலை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் புறப்பட்டேன். அங்கம்மா கூடவே நடந்து வந்தாள்.

"இதெல்லாம் பவளம் போனதுல இருந்துதாங்க ஐயா" என்றாள்.

பவளம் அவர்களுடைய கடைசிப் பெண். அந்த வருட ஆரம்பத்தில் டவுன் ஆஸ்பத்திரியில் நெஞ்சுச்சளியில் செத்துப்போனாள். பால்பல் விழாத பிள்ளைக்குத் தப்பு அடிப்பதில்லை என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். அரை நாள் லீவும் இல்லை. சாயங்காலம் மகளைப் புதைத்துவிட்டு வந்த சடையன், விடியும்போது பெரட்டு அடித்து எல்லாரையும் எழுப்பியிருக்கிறான்.

"ஒரு பொட்டு கண்ணீர் விடலீங்க. ஊருல எவன் செத்தாலும் அடிச்ச கை. எம் புள்ளைக்கு யாருங்க அடிச்சா?"

பவளம் செத்தது எனக்குத் தெரியும். தோட்டத்துக்கே தெரியும். துரை, டாக்டர், பூசாரி, தலைவர் என்று நாலு பேரும் சடையனுக்கு என்ன என்று சொன்னார்களே தவிர, ஒருவர் வாயிலும் அந்தப் பிள்ளையின் பேர் வரவில்லை.

காம்பராவுக்குள் போனேன். அதே பாய், அதே மல்லாந்த கிடை. "குடி" என்று மருந்தை நீட்டினேன்.

"செத்தவனுக்கு எதுக்குங்க ஐயா?"

நான் கோபக்காரன். என் மனைவி கமலம் இன்றைக்கு இருந்திருந்தால் அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதியிருப்பாள். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"செத்துட்டல்ல? அப்ப அடக்கம் பண்ணணும். தப்படிக்க வேற ஆளில்ல. நானே அடிக்கிறேன்" என்று சுவரில் தொங்கிய தப்பை இழுத்தேன்.

தப்பைத் தொடுகிற சாதி எது, தொடாத சாதி எது என்பதில் தோட்டத்து உத்தியோகத்தர்கள் மிகக் கறாராக இருந்த காலம் அது. எனக்கு அந்த நேரம் எதுவும் நினைவில் இல்லை. வாசலில் நின்று இரண்டு குச்சியாலும் சாத்தினேன். மழை ஈரத்தில் தோல் தொய்ந்து கிடந்தது. நனைந்த சாக்கை அடிப்பது போலத் தொப்புத் தொப்பென்று ஒரு சத்தம். லயத்துப் பிள்ளைகள் கூடிநின்று சிரித்தார்கள். நான் விடவில்லை. அடித்தது என்ன அடி என்று எனக்கே தெரியாது.

உள்ளேயிருந்து பிணம் பேசியது.

"காய்ச்சாம அடிக்காதீங்க ஐயா. தோலு கெட்டுரும்."

இன்னும் பலமாக அடித்தேன். பாய் சரசரத்தது. சடையன் எழுந்து வெளியே வந்து நின்றான். முகத்தில் அருவருப்பு. உயிரோடு இருந்த ராக்கன் கிழவருக்காக ஊரே அழுதபோதுகூட இவ்வளவு பெரிய அநியாயம் நடக்கவில்லை என்பது போலப் பார்த்தான்.

"குடுங்க இப்படி."

அங்கம்மா காய்ந்த மானாப்புல்லைக் கொண்டுவந்து வாசலில் தீ மூட்டினாள். சடையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தப்பை அனலில் காட்டினான். திருப்பிக் காட்டினான். விரலால் சுண்டிப் பார்த்தான். போதாது என்று மறுபடி காட்டினான். தோல் இறுகி, சுண்டியதும் கணீரென்று பதில் சொன்ன பிறகுதான் எழுந்தான். அடிப்பதற்கு முன் தப்புக்காரன் கேட்கிற வழக்கமான கேள்வியைக் கேட்டான்:

"யாருக்குங்க?"

நான் வாயெடுப்பதற்குள் அங்கம்மா சொன்னாள்: "பவளத்துக்கு."

அவன் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டான். பிறகு அடித்தான். நின்று நின்று வருகிற அந்த அடி. லயத்துப் பெண்கள் வெளியே வந்தார்கள். இந்தத் தடவை யார் போனது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. முதலில் அவன் முகம் மரக்கட்டையாகத்தான் இருந்தது. கை அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் தோள் குலுங்கியது. அப்புறம் கண்ணீர் வந்தது. கடைசியில் பிள்ளையின் பேரைச் சொல்லிக் கத்தினான். உடம்பு முதலில், உணர்ச்சி பிறகு. பெரிய டாக்டரின் கொள்கை அட்சரம் பிசகவில்லை. அவர் மட்டும் அதைப் பார்க்க அங்கே இல்லை. நான் நின்ற இடத்திலேயே அழுதேன்.

திங்கட்கிழமை விடியலில் பெரட்டு அடி கேட்டது, பழையபடி விரட்டிக்கொண்டு. சடையன் அழுதபடியே அடித்துக்கொண்டு போனான். தாளம் தவறவில்லை, ஆகவே கணக்கப்பிள்ளைக்குப் புகார் இல்லை.

எனக்குத்தான் வந்தது வினை. ஓர் உத்தியோகத்தன் லயத்து வாசலில் தப்படித்தான் என்று தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் துரையிடம் முறையிட்டார். அவர் வீட்டில் எங்களுக்குத் தேத்தண்ணீர் கொடுப்பது நின்றது. "அந்த வீட்டுத் தேத்தண்ணியில சாயமே இருக்காது, போகட்டும்" என்றாள் கமலம். பெரிய டாக்டர் வந்தபோது துரையும் வந்து நின்றார்.

"முன்பு அழாதவன் இப்போது அழுகிறான். புரோமைட் நன்றாக வேலை செய்திருக்கிறது" என்றார் டாக்டர். அந்தப் போத்தல் கார்க்கு திறக்காமல் அவருக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது.

"பெரட்டுக்கு அடிக்கிறானா?" என்றார் துரை.

"அடிக்கிறான் சார்" என்றேன்.

"அப்படியானால் பைத்தியம் இல்லை."

காம்பரா தப்பியது. சேவலின் பலன் சற்றுத் தாமதமாகக் கிடைத்தது என்றார் பூசாரி. போராட்டம் வெற்றி என்றார் தலைவர்.

சில நாள் கழித்துச் சடையன் போத்தலோடு என் வரிசையில் வந்து நின்றான்.

"செத்திருந்தப்ப வலிக்கலீங்க ஐயா. இப்பத்தான் வலிக்குது. இதுக்கு ஏதாச்சும் இருக்குங்களா?"

அலமாரியைப் பார்த்தேன். குவினைன் இருந்தது, பேதி உப்பு இருந்தது, அயோடின் இருந்தது. தெர்மாமீட்டரை வைத்து எடுத்தேன். பாதரசம் கோட்டுக்குக் கீழே. விதிப்படி விளக்கெண்ணெய். கணக்கப்பிள்ளை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"காய்ச்சல்" என்றேன்.

அவர் சடையன் நெற்றியில் கை வைத்தார். "ஜில்லுன்னு இருக்கே, டிஸ்பென்சர் ஐயா?"

"இது உள்காய்ச்சல். தெர்மாமீட்டர்ல ஏறாது. வேல வாங்கினா நாளைக்கு ஒங்க பொறுப்பு."

சடையன் அன்றைக்கு வீட்டில் இருந்தான். அடுத்த வாரம் முனியம்மா வந்தாள்; அவளுக்கும் உள்காய்ச்சல்தான். அதன் பிறகு அது தோட்டத்தில் வழக்கமாகிவிட்டது. யார் வந்து சொன்னாலும் கொடுத்துவிடவில்லை. முகத்தைப் பார்ப்பேன், யாருக்காக என்று கேட்பேன். உள்காய்ச்சலிலும் கள்ளக் காய்ச்சல் உண்டு. அவர்களுக்கு எண்ணெய் இருந்தது. இது என்ன புது வியாதி என்று துரை பெரிய டாக்டரைக் கேட்டிருக்கிறார். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர் டாக்டர். மலைக் குளிரில் வரக்கூடியதுதான் என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டாராம். அந்தப் பெண் கேட்டாளே, எங்கள் காலத்து மனநல இலாகா அதுதான்.

கமலம் அறுபதுகளின் நடுவில் அதே தோட்டத்தில் செத்துப்போனாள். எரித்துவிட்டு வந்த மறுநாள் காலை நான் மருந்துக் காம்பராவைத் திறந்து உட்கார்ந்தேன். எனக்குக் காய்ச்சல் இல்லை, ஆகவே வேலை. என்ன மனத்திடம் என்று பெரிய கிளாக்கர்கூட மெச்சினார். நாக்கு பார்த்தேன், கண் பார்த்தேன். அழவில்லை.

சடையன் வந்தான். மழைக்குக் கம்பளி போர்த்தியிருந்தான். கையில் போத்தல் இல்லை. வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே வந்து, எல்லாருக்கும் முன்னால் புறங்கையை என் நெற்றியில் வைத்தான். அத்தனை வருடத்தில் நான்தான் அவர்களைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"ஐயாவுக்கு உள்காய்ச்சல்" என்று வரிசையைப் பார்த்துச் சொன்னான். "எல்லாரும் போயிட்டு நாளைக்கு வாங்க."

முனியம்மாதான் முதலில் போத்தலை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

உத்தியோகத்தர் வீட்டுச் சாவுக்குத் தப்பு வரக்கூடாது என்பது பெரிய கிளாக்கர் வைத்த சட்டம். சடையன் கம்பளியை விலக்கித் தப்பை வெளியே எடுத்தான். தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. காய்ச்சி, கம்பளிக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறான்.

"யாருக்குங்க ஐயா?" என்று கேட்டான்.

"கமலத்துக்கு" என்றேன்.

அழுகை வந்துவிட்டது. பெரிய டாக்டரின் கொள்கை அந்த இடத்தில் தவறு. சடையன் இன்னும் கையை ஓங்கியிருக்கவில்லை.